கொல்லைப்புறக் கதவு வழியே கேம்பிரிட்ஜ் கணக்கு

சனிக்கிழமை காலையில் வகுப்பு! ஆமாம், சனிக்கிழமையேதான். ஊர் போர்வைக்குள் புரண்டுகொண்டிருக்கும் நேரத்தில் கேம்பிரிட்ஜின் வில்பர்ஃபோர்ஸ் சாலையில் சைக்கிள்கள் சரசரவென்று வந்து நிற்கின்றன. இறங்கி ஓடுகிறவர்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. வருகைப் பதிவேடு கிடையாது, அட்டெண்டன்ஸ் குறைந்தால் ஃபைன் கிடையாது, அப்பாவுக்கு போன் போகாது. ஆனாலும் வருகிறார்கள். உள்ளே ஒருவர் சாக்பீஸைக் கையில் எடுத்து ‘பிசுபிசுப்பான திரவத்தின் மெல்லோட்டம்’ என்று கரும்பலகையில் எழுதப்போகிறார். அதை முதல் வரியிலிருந்து பார்க்க வேண்டுமாம்!

நாமும் சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டு உள்ளே நுழைவோம், வாங்க.

இடத்தின் பெயர் கணித அறிவியல் மையம். தனித்தனியாக நிற்கும் ஏழு கட்டடங்கள், நடுவில் எல்லாரும் வந்து விழும் ஒரு பெரிய கூடம். அந்தக் கூடத்தின் வளைந்த கூரைமேல் புல் வளர்த்திருக்கிறார்கள். புல்லுக்கு அடியில் காபி, சாண்ட்விச், ‘ஏழாவது கணக்கு வந்ததா உனக்கு?’ என்ற முணுமுணுப்பு. பயன்பாட்டுக் கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும் இங்கே ஒரே துறை. 1959இல் துறையைத் தொடங்கி வைத்து 1983 வரை தலைவராக இருந்தவர் ஜார்ஜ் பேட்செலர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பாய்ம இயக்கவியல்காரர். அவர் பெயரில் துறைக்குள் ஒரு ஆய்வுக்கூடமே இருக்கிறது. கணக்குத் துறைக்கு எதற்கு ஆய்வுக்கூடம் என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், சாயம், கேமரா எல்லாம் வைத்துக்கொண்டு தண்ணீரோடு விளையாடுகிறார்கள். ஒரு கட்டடத்துக்குள் வெதுவெதுப்பான காற்று எப்படிச் சுற்றும் என்று தெரிய வேண்டுமா? கட்டடத்தின் சின்ன மாதிரியைத் தலைகீழாகத் தண்ணீரில் முக்கி, உப்புக் கரைசலை ஊற்றுகிறார்கள். சூடான காற்று மேலே போகும், உப்புத் தண்ணீர் கீழே போகும். படத்தைத் திருப்பிப் பிடித்தால் இரண்டுக்கும் கணக்கு ஒன்றே!

ஸ்டீபன் ஹாக்கிங்கும் இந்தத் துறைக்காரர்தான். நியூட்டன் அமர்ந்த லூகாசியன் பேராசிரியர் நாற்காலியில் 1979 முதல் 2009 வரை இருந்தார். அதே நாற்காலிக்கு 2015இல் வந்த மைக்கேல் கேட்ஸ் ஆராய்வது கருந்துளையை அல்ல. கூழ்மங்களையும் குழம்பு மாதிரியான திரவங்களையும். நியூட்டன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

சரி, படிப்புக்கு வருவோம். இங்கே முதுகலைக் கணிதத்தின் பெயர் ‘பார்ட் த்ரீ’. டிரைப்பாஸ் என்ற பழம்பெரும் கணிதப் படிப்பின் கடைசிப் படி. அதன் வேர் 1768இல் காலமான ராபர்ட் ஸ்மித் விட்டுப்போன சொத்தில் தொடங்கிய பரிசுத் தேர்வு வரை போகிறது. ‘பார்ட் த்ரீ’ என்ற பெயர் 1934இல் வந்தது. ஆண்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு இங்கேயே இளங்கலை படித்தவர்கள், மற்றவர்கள் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து இறங்கியவர்கள். மொத்தம் ஒரே வருடம். நம் ஊரில் எம்.எஸ்ஸி.யை இரண்டு வருடத்துக்கு நான்கு செமஸ்டராகப் பிரித்து, இன்டர்னல் மார்க், அசைன்மென்ட், மாடல் எக்ஸாம் என்று படிப்படியாக ஏற்றிவிடுவார்கள். இங்கே அக்டோபரில் தொடங்கி மே வரை ஒரு மார்க்கும் கிடையாது. எல்லாம் கடைசியில், கோடை வரும் நேரத்தில், ஒரே அடியாக!

மெனு கார்டைப் பார்த்தால்தான் தலை சுற்றும். ஏறக்குறைய எண்பது பாடங்கள். குவாண்டம் புலக் கோட்பாடு, கருந்துளைகள், அண்டவியல், பாய்ம நிலைத்தன்மை, சிற்றுலைவு முறைகள், சுற்றுச்சூழல் பாய்மங்கள்... 24 வகுப்பு உள்ள பாடத்துக்கு மூன்று அலகு, 16 வகுப்பு உள்ளதற்கு இரண்டு அலகு, ஒரு நீண்ட கட்டுரை எழுதினால் அதற்கு மூன்று. மொத்தம் 19 அலகுக்கு மேல் கணக்கில் சேராது. கட்டாயப் பாடம் என்று எதுவுமே இல்லை. முதல் வாரத்தில் புடவைக் கடைக்குள் நுழைந்த கூட்டம் தோற்றது போங்கள்: இந்த அறையில் அரை மணி, அந்த அறையில் ஒரு வகுப்பு, ‘அவர் பலகையில் எழுதுவது அழகாக இருக்கிறது, இவர் வேகம் தாங்காது’ என்று ஓயாத பேச்சு. எட்டு வார டெர்முக்குள் 24 வகுப்பை அடைக்க வேண்டும், அதாவது வாரத்துக்கு மூன்று. சில பாடங்கள் திங்கள், புதன், வெள்ளி. மற்றவை செவ்வாய், வியாழன், சனி. சனிக்கிழமை சைக்கிள்களின் ரகசியம் இதுதான். இன்னொரு வேடிக்கை, டெர்மின் முதல் வகுப்பே வியாழக்கிழமைதான் வரும்.

இனி, இந்தக் கூடத்துக்குள் உண்மையில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டால், என் பதில் ஒன்றுதான்: எதைத் தூக்கி எறியலாம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இளங்கலையில் சமன்பாட்டின் ஒவ்வோர் உறுப்பையும் பொட்டலம் கட்டிப் பத்திரமாக எடுத்துப்போகப் பழகியவர்களை இங்கே உட்காரவைத்து, ‘இது சிறிசு, விட்டுத்தள்ளு, இது அதைவிடச் சிறிசு, பார்க்கவே பார்க்காதே’ என்கிறார்கள். அந்தச் சுதந்திரம் கொஞ்ச நாளைக்குப் போதையேற்றுகிறது, பொய் சொல்லவில்லை!

தேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டித் தேனைத் தட்டையான மேஜையில் ஊற்றினால் அது வட்டமாகப் பரவுகிறது. எவ்வளவு வேகமாக? முழுச் சமன்பாட்டை எழுதினால் பலகை போதாது. ஆனால் தேன் மெதுவாக நகர்கிறது, ஆகவே நிலைமத்தை எறி. படலம் மெலிசு, ஆகவே செங்குத்து வேகத்தை எறி. பரப்பு இழுவிசையையும் இப்போதைக்கு எறி. மிச்சமிருப்பது இரண்டே பேர்: கீழே இழுக்கும் எடை, விடாமல் பிடிக்கும் பிசுபிசுப்பு. இரண்டையும் தராசில் நிறுத்தினால் விடை துள்ளிக்கொண்டு வருகிறது. வட்டத்தின் ஆரம், நேரத்தின் எட்டில் ஒரு பங்கு அடுக்காக வளரும். இதை 1982இல் சோதனைச்சாலை அளவீட்டோடு எழுதி வெளியிட்டவர் இதே துறையின் ஹெர்பர்ட் ஹப்பர்ட்.

எட்டில் ஒன்று என்றால் எவ்வளவு சோம்பேறித்தனம் தெரியுமா? ஆரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் நேரம் இரண்டை எட்டு முறை பெருக்கிய அளவு, 256 மடங்கு ஆக வேண்டும். முதல் வினாடியில் 10 சென்டிமீட்டருக்கு வந்த தேன் 20ஐத் தொட நாலே கால் நிமிடம். 40ஐத் தொட 65,536 வினாடி, அதாவது பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல்! தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு அது தானாகப் பரவட்டும் என்று அம்மா காத்திருக்காமல் கரண்டியால் வட்டம் போடுவதன் பின்னணியில் இப்படி ஒரு விதி பதுங்கியிருக்கிறது. (மாவு, நியூட்டன் சொல்பேச்சு கேட்காத திரவம்; கல்லின் சூட்டில் வேகவும் வேகும்; ஆகவே அடுக்கு அச்சாக எட்டில் ஒன்று வராது. சோம்பேறித்தனம் மட்டும் அதேதான்.) ஹப்பர்ட் கூட்டாளிகளோடு இதே வழிமுறையைக் கரீபியத் தீவான செயின்ட் வின்சென்டில் இருக்கும் சூஃப்ரியேர் எரிமலைக்குக் கொண்டுபோனார். 1979இல் அதன் வாயில் மெல்ல மெல்ல வீங்கிப் பரவிய எரிமலைக் குழம்பு மேட்டுக்கும் தேனின் கணக்குச் செல்லுபடியானது. சமையலறையிலிருந்து எரிமலைக்கு ஒரே தாவல்!

இந்த வீட்டுக்கு ஒரு குலதெய்வம் உண்டென்றால் அது ஜி. ஐ. டெய்லர்தான். 1886இல் பிறந்தவர், ஜார்ஜ் பூலின் பேரன். ஆமாம், கம்ப்யூட்டர்காரர்கள் தினம் கும்பிடும் அதே பூல். டைட்டானிக் மூழ்கியதைத் தொடர்ந்து பனிப்பாறைகளைக் கண்காணிக்க 1913இல் அனுப்பப்பட்ட ‘ஸ்கோஷியா’ கப்பலில் வானிலை ஆய்வாளராகப் போய், அட்லாண்டிக் நடுவே பட்டம் விட்டுக் காற்றின் கொந்தளிப்பை அளந்தார். சொந்தப் படகில் கடலுக்குப் போகும் பைத்தியம் வேறு. இருக்கிற நங்கூரம் பிடிக்காமல் புது நங்கூரத்தைக் கண்டுபிடித்து 1933இல் காப்புரிமையும் வாங்கினார். இவரைப் படித்தால் பயன்பாட்டுக் கணிதக்காரர்களுக்குக் கல்யாண வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுக் குணம் எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிடும்.

எண்பது வயதை ஒட்டி அவர் நடித்த ஒரு படம் இருக்கிறது. நடித்த என்றால் சோதனை செய்து காட்டிய. மெல்லோட்டம் பற்றிய அந்த விருந்தில் ஒரு காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள். இடையில் கிளிசரின். அதற்குள் சாயம் கலந்த கிளிசரினை ஒரு சொட்டாக விடுகிறார். உள் உருளையின் கைப்பிடியை மெதுவாகச் சுற்றுகிறார். சொட்டு இழுபட்டு, நீண்டு, சுற்றிச் சுற்றிப் பூசினாற்போல் ஆகிவிடுகிறது. கலந்துவிட்டது, கதை முடிந்தது என்று நாம் நினைக்கும்போது கிழவர் அமைதியாகக் கைப்பிடியை எதிர்ப்பக்கம் அதே எண்ணிக்கைக்குத் திருப்புகிறார். பூச்சு சுருங்குகிறது, ஒன்றுகூடுகிறது... சொட்டு பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது! ஓரம் லேசாக மங்கியிருக்கும், அவ்வளவுதான். படம் பின்னோக்கி ஓட்டப்பட்டதோ என்று சந்தேகம் வரும். இல்லை. நிலைமத்தைத் தூக்கி எறிந்தோம் அல்லவா, அதோடு காலத்தின் திசையும் போய்விட்டது. சமன்பாட்டுக்கு முன்னே பின்னே தெரியாது.

அதே படத்தில் ரப்பர்பேண்டு முறுக்கிவிட்ட பொம்மை மீன் ஒன்று வரும். வாலை ஆட்டித் தண்ணீரில் ஜோராக நீந்தும். கெட்டிப் பாகில் விட்டால் வாலாட்டிக்கொண்டே நின்ற இடத்தில் நிற்கும்! போன வீச்சைத் திரும்பிய வீச்சு அப்படியே அழித்துவிடுகிறது. திருகுபோல் சுழலும் வால் வைத்த பொம்மையோ பாகிலும் முன்னே போகும். பாக்டீரியாவுக்குத் தண்ணீரே கெட்டிப் பாகு மாதிரிதான். அதனால்தான் அது மீனைப்போல வாலாட்டாமல் திருகைச் சுழற்றி நீந்துகிறது. இந்த இடத்தில் வகுப்பில் யாராவது வாய்விட்டுச் சிரிக்காவிட்டால் அந்த வகுப்பில் உயிரில்லை என்று அர்த்தம்.

டெய்லரின் இன்னொரு வேலை சிரிக்கத்தக்கது அல்ல, ஆனால் எறிதலின் உச்சம் அதில் இருக்கிறது. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனை. வெடிப்பின் சக்தி எவ்வளவு என்பது ராணுவ ரகசியம். ஆனால் தீக்கோளத்தின் புகைப்படங்களை 1947இல் வெளியிட்டார்கள், ஓரத்தில் நேரமும் அளவுகோலும் அச்சிட்டு! டெய்லர் போர்க்காலத்திலேயே இதற்கான கணக்கைப் போட்டு வைத்திருந்தார். 1950இல் படங்களை வைத்து விடையைப் பகிரங்கமாக வெளியிட்டார்.

அவர் செய்ததன் சாரத்தை நாமே செய்து பார்க்கலாம். தீக்கோளத்தின் ஆரம் எதெதைப் பொறுத்தது? ஆற்றல், காற்றின் அடர்த்தி, நேரம். மற்ற எல்லாவற்றையும் எறி. ஆற்றலை அடர்த்தியால் வகுத்தால் கிலோகிராம் அடிபட்டுப்போகும். மிஞ்சுவது மீட்டரின் ஐந்தாம் அடுக்கு, கீழே வினாடியின் வர்க்கம். நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வினாடியும் ஓடிப்போகும். ஆக, ஆரத்தின் ஐந்தாம் அடுக்கு என்பது ஆற்றலை நேர வர்க்கத்தால் பெருக்கி அடர்த்தியால் வகுத்தது. முன்னால் வரவேண்டிய ஒரு வெறும் எண்ணோ, நம் அதிர்ஷ்டம், கிட்டத்தட்ட ஒன்று. படத்தில் 0.025 வினாடியில் ஆரம் ஏறத்தாழ 140 மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ. போட்டுப் பாருங்கள்: சுமார் பத்தாயிரம் கோடி கிலோஜூல். டி.என்.டி. வெடிமருந்துக் கணக்கில் ஏறத்தாழ 25 ஆயிரம் டன். டெய்லர் இன்னும் நுணுக்கமாகப் போட்டு 17 ஆயிரத்தை ஒட்டிச் சொன்னார். நெடுங்காலம் அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட அளவு 21 ஆயிரம். ஒரு புகைப்படம், ஒரு ஸ்கேல், கவரின் பின்பக்கம். ரகசியம் கசிந்தது சமன்பாட்டின் ஓட்டை வழியே.

ஆனால் எறிந்தது எறிந்தபடியே கிடக்குமா? கிடக்காது! பார்ட் த்ரீயின் உண்மையான திகில் இதுதான். வேகமாக ஓடும் தண்ணீருக்குப் பிசுபிசுப்பு அற்பம் என்று அதை எறிந்த கணிதர் டாலம்பேர், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, நீரோட்டத்தில் நிற்கும் பொருளுக்கு எதிர்ப்பே இல்லை என்ற விடைக்கு வந்து விழித்தார். ஆற்றில் இடுப்பளவு இறங்கி நின்றவன் எவனும் ஒப்புக்கொள்ளாத விடை. 1904இல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் லுட்விக் பிராண்ட்டல் ஒரு சின்ன உரையில் முடிச்சை அவிழ்த்தார். எங்கும் அற்பமான பிசுபிசுப்பு, பொருளை ஒட்டிய மெல்லிய படலத்துக்குள் மட்டும் ராஜா. வாசல் வழியே விரட்டின உறுப்பு கொல்லைப்புறக் கதவு வழியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது! படலத்துக்கு உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு, இரண்டையும் எல்லையில் கைகுலுக்க வைக்க வேண்டும். இதைச் செய்யப் பழகுவதற்கென்றே ஒரு முழுப் பாடம். அந்தப் பாடத்தின் நாயகன் எப்சிலான் என்ற கிரேக்கக் குட்டி எழுத்து. ‘எப்சிலான் சிறியது என்க’ என்று பலகையில் விழுந்ததும் அறையே நிமிர்ந்து உட்காரும்.

இதில் ஒரு காதல் கதையும் இருக்கிறது, சொல்லாமல் போனால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. வானவில்லின் உட்புறத்தில் சில சமயம் மெல்லிய கூடுதல் பட்டைகள் தெரியும். அவற்றை விளக்க 1838இல் ஜார்ஜ் ஏரி ஒரு தொகையீட்டை எழுதினார். ஒழுங்காகக் குவியும் தொடரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டி இருண்ட பட்டைகளில் இரண்டைத்தான் அவரால் கணக்கிட முடிந்தது. மில்லர் என்பவர் சோதனையில் முப்பது பட்டைகளை அளந்து வைத்திருந்தார்! அப்போது வந்தார் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். குவியாத தொடரை, போகப்போக வெடித்துச் சிதறும் கெட்ட பிள்ளைத் தொடரை, எடுத்துக்கொண்டு முதல் சில உறுப்புகளோடு நிறுத்தினார். ஐம்பது பட்டைகள் வரை விடை வந்தது. குவியும் நல்ல பிள்ளை தோற்க, விரியும் கெட்ட பிள்ளை ஜெயித்த இந்தச் சங்கதியைப் பார்த்து முதன்முறை வாய் பிளக்காத மாணவரை நான் நம்பமாட்டேன்.

ஆனால் அந்தத் தொடரின் மாறிலிகள் ஓரிடத்தில் திடீரென்று குதித்தன. ஏன் என்று தெரியாமல் ஸ்டோக்ஸ் வருடக்கணக்கில் அல்லாடினார். 1857இல் விடை சிக்கியது. அதிகாலை மூன்று மணி வரை விழித்திருந்து ஒரு கணக்கோடு போராடிய விஷயத்தை அவர் யாருக்குக் கடிதமாக எழுதினார் தெரியுமா? தான் மணக்கப்போகும் மேரி ராபின்சனுக்கு! நிச்சயமான பெண்ணுக்கு வந்த காதல் கடிதத்தில் ஏரி தொகையீடு. அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, கல்யாணம் அதே வருடம் நல்லபடியாக நடந்தது. கல்யாணம் செய்தால் கல்லூரி ஃபெல்லோ பதவியை விட வேண்டும் என்று அன்றைக்கு விதி. மனிதர் அதையும் விட்டுத்தள்ளிவிட்டார்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்தப் புத்தக அலமாரியில் கனமாக உட்கார்ந்திருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் பத்தொன்பது வயதில் கப்பலேறி, வழியிலேயே வெண்குறுமீன் கணக்கைப் போட்டுக்கொண்டு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்கு வந்து, 1933இல் முனைவரான சுப்ரமணியன் சந்திரசேகர். விண்மீன்காரர் என்றே அவரை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி: பாய்மங்கள் எப்போது நிலைகுலையும் என்பது பற்றி 1961இல் அவர் வெளியிட்ட தடித்த புத்தகம் அந்தத் துறையில் இன்றும் செங்கல் மாதிரி நிற்கிறது. அதில் வரும் ஒரு கேள்வி: கீழிருந்து சூடேற்றிய திரவப் படலம் எப்போது சும்மா இருப்பதை விட்டுவிட்டு உருள ஆரம்பிக்கும்? சூட்டின் வேறுபாடு, படலத்தின் கனம், பிசுபிசுப்பு, வெப்பம் பரவும் வேகம் இத்தனையையும் சேர்த்துப் பிசைந்து ஒரே எண்ணாக்கி, அதற்கு ராலே எண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலும் கீழும் கெட்டியான தட்டுகள் இருந்தால் அந்த எண் 1708ஐத் தாண்டும்போது திரவம் உருளத் தொடங்கும். தண்ணீரோ எண்ணெயோ கவலையில்லை, 1708. பாய்மக்காரர்கள் கூட்டத்தில் இந்த எண்ணைச் சும்மா சொல்லிப் பாருங்கள், தலைகள் திரும்பும்.

வகுப்புக்கு வெளியே என்ன நடக்கிறது? இளங்கலைக்காரர்களுக்கு இரண்டு பேருக்கு ஒரு ஆசிரியர் என்று கிட்டத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள். பார்ட் த்ரீயில் அந்தச் செல்லம் கிடையாது. பாடத்துக்குச் சில கணக்குத் தாள்கள், அவற்றைப் பேச ஒரு பெரிய குழு வகுப்பு, அவ்வளவே. மற்றபடி புல் கூரைக்கு அடியில் நாலு பேர் சேர்ந்து தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். கட்டுரை எழுத முடிவெடுத்தவர்களின் பாடு தனி. துறை வெளியிடும் தலைப்புப் பட்டியலில் ஒன்றைப் பிடித்து, ஆய்விதழ்களைத் தின்று, மே மாதத் தொடக்கத்தில் கொடுத்துவிட வேண்டும். புதுக் கண்டுபிடிப்பு வேண்டாம். அடுத்தவர் கண்டுபிடித்ததைத் தெளிவாகச் சொன்னால் போதும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்னதே கஷ்டம்.

இடையில் கொஞ்சம் அழகுக் கலை. இதே துறையின் ரேமண்ட் கோல்ட்ஸ்டீன், வார்விக்கின் ராபின் பால், யூனிலீவர் ஆய்வாளர் பேட்ரிக் வாரன் மூவரும் 2012இல் குதிரைவால் கொண்டையின் வடிவத்துக்குச் சமன்பாடு எழுதினார்கள். நிஜமாகத்தான்! தலையில் லட்சத்தை ஒட்டிய முடிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிடுவது யாராலும் ஆகாது. ஆகவே தனி முடியை எறிந்துவிட்டு, கற்றையை ஒரு பாய்மமாகவே எடுத்துக்கொண்டார்கள். முடியின் விறைப்பு, எடை, சுருள் காரணமாக ஒன்றையொன்று வெளியே தள்ளும் அழுத்தம். மூன்றும் சேர்ந்தால் கொண்டை விரியும் வடிவம் வந்துவிடுகிறது. முடி தன் எடையால் வளையும் நீளத்தோடு கொண்டையின் நீளத்தை ஒப்பிடும் எண்ணுக்கு, கோபுரத்திலிருந்து கூந்தலை இறக்கிய கதாநாயகியின் நினைவாக, ரபுன்ஸல் எண் என்று பெயர் சூட்டினார்கள். அந்த ஆண்டே, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு வந்தது. பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் கெல்லர், கொண்டை போட்டு ஓடுகிறவரின் தலை மேலும் கீழும் குதிக்க, கொண்டை மட்டும் ஏன் இடமும் வலமும் ஆடுகிறது என்று கணக்குப் போட்டவர். நம் ஊர்ப் பின்னலுக்கு யாரும் இன்னும் சமன்பாடு எழுதியதாகத் தெரியவில்லை. மூன்று கற்றை, மேலே மல்லிகைப்பூவின் எடை... யாராவது கட்டுரைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம்!

பிறகு தேர்வு. மூன்று அலகுப் பாடத்துக்கு மூன்று மணி நேரத் தாள், இரண்டு அலகுக்கு இரண்டு மணி. அந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, எல்லா ஊரிலும் தேர்வு தேர்வுதான். முடிவை வெளியிடும் பழைய மரபுதான் கொண்டாட்டம். செனட் ஹவுஸ் என்ற வெள்ளை மாளிகையில் மாணவர்கள் கூடி நிற்பார்கள். தேர்வாளர் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு தேர்ச்சி பெற்றவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார். டிஸ்டிங்ஷன் யாருக்கு என்று வாயால் சொல்லமாட்டார். அந்தப் பெயர் வரும்போது தொப்பியை லேசாகத் தொட்டு உயர்த்துவார்! இருநூறு ஜோடிக் கண்கள் பேப்பரையும் பார்க்காமல் முகத்தையும் பார்க்காமல் ஒரு தொப்பியையே பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் இளங்கலை டிரைப்பாஸில் இன்னும் கொடுமை. முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை ரேங்க் வாரியாக வாசிப்பார்கள். முதலிடத்துக்கு சீனியர் ராங்க்ளர் என்று பட்டம். 1899இல் மராட்டியத்தின் ஆர். பி. பராஞ்பே அந்த இடத்தைப் பிடித்த முதல் இந்தியர் ஆனார். கடைசி ஆளுக்குத் தோழர்கள் ஆளுயர மரக்கரண்டி ஒன்றைப் பரிசளிப்பார்கள். ரேங்க் வரிசையை ஒழிக்கும்வரை, 1909 வரை, இந்தக் கூத்து நடந்தது. கடைசிக் கரண்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ ராங்க்ளர் பட்டத்தைவிட அந்தக் கரண்டிமேல்தான் ஆசை.

இதையெல்லாம் பார்க்க விசா எடுத்துப் போக வேண்டியதில்லை. டெய்லரின் படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. துறையின் டேவிட் டாங் எழுதிய பாடக்குறிப்புகளை உலகமே இறக்கிப் படிக்கிறது. பார்ட் த்ரீயின் பழைய வினாத்தாள்களையும் கணிதத் துறையே தன் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறது. மெல்லோட்டத் தாள் ஒன்றை எடுத்து, பயப்படாமல் முதல் கேள்வியை வாசியுங்கள். நிலைமத்தைப் புறக்கணிக்கலாம், படலம் மெலிசு என்று கொள்ளலாம் என்கிற மாதிரி எதை எறிய வேண்டும் என்பதைக் கேள்வியே பெரும்பாலும் சொல்லிவிடும். மிச்சம் உங்கள் பாடு.